சூடு ஆறுவதற்குள்

பேருந்து ஓட்டுநரின் மனைவி மேசைமேல் வைத்த சிறுநீர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்த சிறுநீரக மருத்துவர், அதை அவர் பக்கமே நகர்த்தினார்.

"ஆறிப்போச்சும்மா. இது ஆகாது. புதுசா வேணும்."

"காலைல எந்திரிச்சதும் பிடிச்சதுதானே டாக்டர். அதுக்கே அவ்வளவு பாடு."

ஓட்டுநர் தன் கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். செருப்பு வார் அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. போன மாதம்வரை கல்போல உறுதியாக இருந்த மனிதர். இப்போது முகம் உப்பி, கண்கள் இடுங்கி, சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் கொஞ்சமாக வந்தது. கல் அடைப்பாக இருக்கும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். ஸ்கேனில் கல் இல்லை. ரத்தத்தில் கழிவு மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. இப்படியே போனால் டயாலிசிஸ்தான். ஒருவேளை ஆயுள் முழுவதும்.

மருத்துவரின் சந்தேகம் வேறு. சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. அவை அழற்சி கண்டு ரத்தம் கசிந்தாலும் சிறுநீர் இந்த நிறத்துக்கு வரும். அதுதான் என்றால் அழற்சியை அடக்க மருந்து உண்டு. ஆனால் இன்றே தொடங்க வேண்டும். நாளை சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்போகும் திசுவின் பரிசோதனை முடிவு வரும்வரை வடிகட்டிகள் பொறுத்திருக்காது. சிறுநீரே உண்மையைச் சொல்லிவிடும், உடனே பார்த்தால். நேரமானால் தடயங்கள் கரைந்துவிடும்.

கழிப்பறையிலிருந்து ஓட்டுநர் வெறும் டப்பாவோடு திரும்பினார். "வரமாட்டேங்குது டாக்டர்."

"ஓடுற வண்டிய ஓரங்கட்டிட்டுப் போற ஆளு. இப்ப வெக்கம் வந்துடுச்சாம்" என்றார் மனைவி. "குழாயத் திறந்து விட்டுட்டு நில்லுங்க."

"நீ கதவுகிட்ட நின்னு பேசாம இருந்தாலே வந்துடும்."

வந்தது. இரண்டு ஸ்பூன் இருக்கும். மருத்துவர் அதை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. தானே வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்கு விரைந்தார். குழாயிலிட்டுச் சுழற்றி, அடியில் படிந்ததில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் குனிந்தார். முதலில் சிவப்பணுக்கள். வட்டமாக இருக்க வேண்டியவை நசுங்கி, ஓரத்தில் குமிழ் தள்ளிக் கிடந்தன. குறுகிய இடுக்கில் பிதுங்கி வந்தவை. தகட்டை நகர்த்தினார். வெறுமை. இன்னும் நகர்த்தினார்.

"இங்க வாங்க, ரெண்டு பேரும் வாங்க" என்று அவர் கூப்பிட்ட குரலில் செவிலியரும் ஓடிவந்தார். "சிஸ்டர், நாம பேசி வச்ச மருந்த ஏத்த ரெடி பண்ணுங்க. இன்னைக்கே."

"என்ன டாக்டர், என்ன இருக்கு?" என்று மனைவி முந்திக்கொண்டு கேட்டார்.

"வடிகட்டிக்குக் கீழ முடிய விட மெல்லிசா குழாய் இருக்கும்மா. கசியற ரத்தம் அதுக்குள்ள உறைஞ்சு, அச்சுல வார்த்த மாதிரி குழாய் வடிவத்துலயே வெளிய வருது. கல்லுனால இப்படி வராது. இது உள்ள இருந்து வர்ற ரத்தம்."

"அப்ப சரியாயிடுமா?"

"அத இப்ப சொல்ல முடியாது. எங்க அடிக்கணும்னு தெரிஞ்சுபோச்சு."

ஓட்டுநர் நுண்ணோக்கியில் குனிந்தார். வீங்கிய இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"செங்கல் ஏத்தின லாரி மாதிரி இருக்கு" என்றார் பிறகு.

"எங்க, நான் பாக்கறேன்" என்று மனைவி தோளால் இடித்தார்.

"இரு இரு, நகருது."

மருத்துவர் அவர் கையை எடுத்து, தகட்டை நகர்த்தும் திருகில் வைத்தார். மூச்சைப் பிடித்தபடி ஓட்டுநர் அதை மெல்லத் திருப்பினார். ஒளிவட்டத்தின் விளிம்புக்கு ஒழுகிக்கொண்டிருந்த அந்தச் சிவந்த குச்சி, தயங்கித் தயங்கி, மீண்டும் நடுவுக்கு வந்தது.