தரையை நம்பாத ஏழாம் எண்

புதுப் பெட்டியைப் பொருத்திய மறுநாளிலிருந்து ஏழாம் எண் போர் விமானம் தரையைத் தொடவில்லை. கொட்டகைக்குள் சும்மா நிற்கும்போதும் சக்கரத்துக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. ஓடுபாதையிலும் அதே உயரத்தில் ஓடி, பிரேக் போட்டதும் நல்ல பிள்ளையாக நின்றது. பைலட் மயங்கி விமானம் தரையை நோக்கிப் பாய்ந்தால் அந்தப் பெட்டி, பைலட்டின் கைப்பிடியான ஸ்டிக்கைத் தானே பிடித்து விமானத்தை மேலே இழுக்கும். முப்பத்தைந்து வயதான கிழட்டு விமானங்களுக்கும் அதை மாட்டச் சொல்லி உத்தரவு. சோதிக்க வந்த அதிகாரி சக்கரத்தின் அடியில் ஒரு செய்தித்தாளை நுழைத்து மறுபக்கம் உருவினார். மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, டயரில் தேய்மானம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மெக்கானிக்குக்குச் சந்தேகமெல்லாம் பைலட் மேல்தான். பைலட் அவனுடைய அக்கா புருஷன். "நான் பிடிச்சிருக்கிற ஸ்டிக்கை இன்னொருத்தன் பிடிக்கறதா?" என்று முதல் நாளே முறைத்தவர். அதனால் பெட்டியின் சுவிட்சை மெல்லிய செம்புக் கம்பியால் கட்டிவைத்தான். அணைத்தால் கம்பி அறும். விமானம் திரும்பிய ஒவ்வொரு நாளும் அது அறுந்தே இருந்தது. கேட்டால், "அதிர்வுல அறுந்திருக்கும், மாப்ள" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார். அக்கா இரண்டு பேரையும் நம்பவில்லை. "அவர் அதை அணைக்கிறாரா, இல்லையாடா?" என்று அவள் கேட்டபோது தம்பி செம்புக் கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். அவள் இளைத்துப்போனாள்.

பெட்டி பொருத்திய எட்டாம் மாதம் ஒரு பிற்பகல், விமானத்தைச் சடாரென்று திருப்பியதில் பைலட்டுக்குக் கண் இருட்டி நினைவு போய்விட்டது. பதினோரு நொடி. மூக்குக் குப்புறப் பாய்ந்த ஏழாம் எண், மர உச்சிகளுக்கு மேலே நிமிர்ந்து ஏறிக்கொண்டது. இறங்கியதும் மெக்கானிக் ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். கம்பி அறுந்திருந்தது, சுவிட்ச் அணைந்திருந்தது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன அவனுக்கு.

"ஆஃப்ல இருந்திருக்கே, மாமா. பின்ன யாரு இழுத்தா?"

"நான் இல்ல, மாப்ள."

ஒரு மாதம் விசாரித்தார்கள். பெட்டியைக் கழற்றி ஆணி ஆணியாகப் பிரித்தார்கள், பைலட்டை மூன்று டாக்டர்களிடம் காட்டினார்கள், மெக்கானிக்கின் பீரோவைக்கூடத் துழாவினார்கள். கடைசியில் 'விமானமே பார்த்துக்கொண்டது' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அந்த வரியைத் தம்பி வந்து சொன்னபோது, அக்கா தன் புருஷனிடம் நேராகவே கேட்டாள். "அணைச்சீங்களா?"

"அணைச்சேன்."

"தினமுமா?"

"தினமும்."

"உங்களுக்கு இல்லாத அக்கறை அதுக்காவது இருக்கே" என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் சாப்பாடு எடுத்துவைத்தாள்.