மீட்பு எண்

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து டிகிரி அவளுடைய கணினி முன் உட்கார்ந்தார். அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். டிகிரி என்று பெயர் வைத்தது அடுக்ககத்துக்காரர்கள். யாரைப் பிடித்தாலும் தன் பிராசசர் இன்றைக்கு எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று ஆரம்பித்துவிடுவார், கேட்பவருக்குத்தான் சூடேறும். அவர் திரையின் மூலையில் வெப்பமும் விசிறி வேகமும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். “எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு தடவையாவது இப்படி உக்காந்து பாத்திருக்கீங்களா?” என்று மனைவி உயிரோடிருந்தவரை கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

மகள் கணவனை விட்டு வந்தபோது நகை நட்டு எதையும் எடுத்துவரவில்லை. கணினி ஒன்றுதான் அவளோடு வந்தது. இரண்டு வருடமாகத் தனியாளாக அவள் செய்துவரும் அனிமேஷன் படம் அதில் இருந்தது. நகல் வைத்திருந்த டிஸ்க் உடைந்துபோய், புதிது இன்னும் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு ஸ்டூடியோவில் படத்தைக் காட்ட வேண்டும், பிடித்துப்போனால் வேலை. “என் மெஷின்ல மட்டும் கை வைக்காதீங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள்.

ஆனால் அதன் விசிறி போட்ட கூச்சல் இருக்கிறதே! அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதைத் தினமும் பார்த்தார். அங்கே என்ன நடந்தது, ஏன் வந்துவிட்டாய் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. விசிறியையாவது சரிசெய்யலாம் என்று பட்டது. கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் திறந்தால் மூன்று வருடப் பழசு. நன்றாக ஓடுவதை நோண்டாமல் இருக்க ஒரு தனிக் குணம் வேண்டும். டிகிரிக்கு அது கிடையாது. புதிய பயாஸை ஏற்றினார். கணினி அணைந்து எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ எச்சரித்தது: பழைய பாதுகாப்புச் சாவியை அழிக்கவா, டிஸ்க் பூட்டியிருந்தால் மீட்பு எண் தேவைப்படும், ஆமாம் என்றால் Y, வேண்டாம் என்றால் N. அவர் கணினியில் இதற்கு எப்போதும் Y-தான். பழக்கதோஷத்தில் அழுத்தினார்.

விசிறி கப்சிப் ஆனது. அவர் முகம் மலர்வதற்குள் திரை நீலமாகி, நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது.

மகள் தலையில் துண்டோடு வந்து நின்றாள். “என்னப்பா இது?”

“ஒண்ணுமில்லம்மா... சும்மா ஒரு அப்டேட்...”

அவள் திரையை முழுதாகப் படித்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். “இதுல விண்டோஸ் போட்டது அவரு. அவரு அக்கவுண்ட்லதான் அந்த நம்பர் இருக்கும்.”

இனி ஜென்மத்துக்கும் அந்தக் குரலைக் கேட்கமாட்டேன் என்று சொன்னவள், கணவனின் போன் நம்பரை இன்னும் மனப்பாடமாக வைத்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“நம்பர்தானே, இருக்கு. மெஷினைத் தூக்கிட்டு வா. நானே போட்டுத் தரேன்.”

“நீங்க படிங்க, எழுதிக்கிறேன்.”

“போன்லல்லாம் முடியாது. நேர்ல வந்தா மத்ததும் பேசிக்கலாம்.” வைத்துவிட்டான்.

“போக வேணாம்மா. கடைல குடுத்துப் பாக்கலாம்” என்றார் டிகிரி.

“எந்தக் கடைப்பா?”

அந்த எண் இல்லாமல் பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் கடை உலகத்திலேயே கிடையாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டார். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

“ஏம்ப்பா, அந்தச் சத்தம் உங்களுக்கு அவ்வளவு தொந்தரவாவா இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

“எனக்கில்லம்மா, உனக்குத்தான்...” குனிந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

டாக்சியில் கணினியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவள் கணவன் வீட்டு மாடிப்படியை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மணியைத் தானே அடித்துவிடலாம், அவளுக்கு அந்தக் கஷ்டமாவது மிச்சமாகட்டும் என்று நினைத்தார். இரண்டு கைகளிலும் கணினி. கீழே வைக்கக் குனிந்தார்.

“வேணாம்ப்பா, தரையெல்லாம் ஈரம்” என்றாள் மகள். ஈரம் காயாத முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, மணியை நோக்கி விரலை நீட்டினாள்.