அடியில் வெட்டிய பெயர்

பேத்தி றுக்ஸானாவின் கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எங்கள் வட்டாவின் அடியிலிருந்த ஈயம் கழன்று விழுந்தது.

நாற்பது வருடமாக எங்கள் குடும்பத்துக் கலியாண வெற்றிலை அந்த வட்டாவில்தான் சபைக்குப் போகிறது. கால் வைத்த பெரிய பித்தளைத் தட்டு. வாப்பா எனக்கு விட்டுப்போனது. கல்முனையில் இப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை. எங்கே வாங்கியது என்று கேட்டவர்களுக்கெல்லாம், வாப்பா ஏலத்தில் எடுத்தார் என்று சொல்லி வந்தேன்.

என் மனைவி கைருன்னிஸா பழப்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை வழுக்கி வட்டா சீமெந்துத் தரையில் விழுந்தது. எடுத்துத் திருப்பி, ஈயம் கழன்ற இடத்தைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, ஆர் இந்தப் பாலம்மா?"

காரைதீவு, க. பாலம்மா. உளியால் வெட்டிய எழுத்து. அந்தக் காலத்தில் பித்தளைச் சாமான் வாங்கினால் அடியில் பெயர் வெட்டி வைப்பார்கள்.

"ஏலத்தில எடுத்த எண்டீங்க?"

"ஓம்."

"ஏலத்தில எடுத்த சாமானுக்கு என்னத்துக்கு ஈயம் வச்சு மறைக்கிற?"

சொன்னேன். கலவரத்தில் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்த கிழமை அது. அறுத்து வயலில் அடுக்கியிருந்த எங்கள் நெற்கதிர்ச் சூட்டை யாரோ கொளுத்தியிருந்தார்கள். அதற்கு ஈடு என்று, ஆட்கள் ஓடிப்போன ஒரு வீட்டிலிருந்து வாப்பா இதைத் தூக்கி வந்தார். கொண்டுபோய் ஈயம் வைத்து வந்தவன் நான்.

"நாப்பது வருஷமா என்னைக் கொண்டு ஹறாமைத் துலக்க வச்சிருக்கீங்க. என்ட பேத்திட வெத்தில இதில போகாது."

"பள்ளிக்குக் குடுத்திடுவம்."

"களவெடுத்ததை அல்லாஹ்ட ஊட்டுக்கா?"

"அப்ப கொண்டுபோய்க் கடல்ல போட்டிட்டு வாறன்."

"போடுங்க. மீனெல்லாம் பேரை வாசிக்கட்டும்." புளிக் கையைக் கழுவினாள். "பேரும் இருக்கு, ஊரும் இருக்கு. ஓட்டோவில பத்து நிமிசம்."

"வாப்பாட பேரைச் சந்தியில போடச் சொல்றியா?"

"மௌத்தாகி மண்ணுக்குள்ள கிடக்கிறவருக்கு இப்ப பேரா தேவை, துஆவா?"

மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் அஸர் தொழுதுவிட்டு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, வட்டாவைத் துணியில் சுற்றிக்கொண்டு காரைதீவுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். பழைய சாமான் கடையில் கண்டேன், பெயரைப் பார்த்துக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான்.

பெயரைச் சொல்லி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பாலம்மா இறந்து கன காலம். மகள் மீனாம்பிகை இருந்தாள். அறுபது வயதிருக்கும்.

"வாங்க காக்கா, இரிங்க" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

துணியைப் பிரித்துக் கொடுத்தேன். வட்டாவைக் கவிழ்த்து, எழுத்துகளை விரலால் தடவினாள். "அம்மா" என்றாள், உள்ளே இருக்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல.

நான் கடைக் கதையைத் தொடங்கினேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"என்ட கலியாணத்துக்கு அரிசி புடைக்கிற சுளகில வச்சுத்தான் வெத்தில குடுத்த. அம்மாக்கு அது பெரிய வெக்கம். அழுதழுது குடுத்தாவு."

அதற்குமேல் கடை என் வாயில் வரவில்லை.

"தங்கச்சி, கடையில்ல. நீங்க ஊரை விட்டு ஓடின நேரம் என்ட வாப்பா இந்த ஊட்டுக்குள்ள பூந்து எடுத்த. பேரை மறைச்ச நான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவர்ர பேர் என்ன?"

வாப்பாவின் பெயரை நான் வெறுமனே சொன்னதில்லை. முன்னால் ஹாஜி வரும், பின்னால், பெரிய வயற்காரரைச் சொல்லும் போடியார் வரும்.

"முகைதீன்பாவா" என்றேன்.

அவள் எழுந்து வீட்டின் பின்பக்கம் போனாள். என்னைப் போகச் சொல்கிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். கிணற்றடியிலிருந்து சத்தம் வந்தது.

"எங்க எழும்புறீங்க? வெறும் வட்டாவோட ஆரும் ஒரு ஊட்டுக்கு வருவாங்களா?"

கலியாண முறை என்னவென்று ஊரே என்னிடம் வந்துதான் கேட்கும். நான் ஒரு வெற்றிலைகூட வைக்காமல் அடுத்தவர் வாசலுக்கு வட்டா கொண்டுபோயிருக்கிறேன்.

கொடியில் பறித்த இலைகளைக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, ஒவ்வொன்றாக வட்டாவில் அடுக்கினாள். பாக்கு வைத்தாள். இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினாள்.

"கோவமில்லெண்டு சொல்லமாட்டன் காக்கா. ஆனா கொண்டு வந்தீங்க. எடுங்க."

டாக்டர் வெற்றிலையை நிறுத்தச் சொல்லி ஆறு வருடம். எடுத்து மென்றேன்.

றுக்ஸானாவின் கலியாணச் சபைக்கு வெற்றிலை சுளகில் வந்தது. அப்படித்தான் வைக்க வேண்டும் என்று கைருன்னிஸாவிடம் நான்தான் சொன்னேன். அவளுடைய தம்பி ஜவாத் எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"என்ன மச்சான், போடியார் ஊட்டில சுளகு? வட்டாவை வித்துத் திண்டுட்டீங்களா?"

சபை என்னைப் பார்த்தது.

"அது எங்கட வட்டா இல்ல. காரைதீவுப் பாலம்மாட. கலவரத்தில வாப்பா எடுத்த. மகள்ட கையில குடுத்திட்டன்."

ஜவாத் சிரிப்பை நிறுத்தினார். பிறகு சுளகைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வெற்றிலையை எடுத்தார்.