மேல் வடம்

மலாய் நாட்டில், பாலோ ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த திடலில் மரக்கிணறு எழும்பியபோது, சுற்றுத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து அதன் பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். தரைக்கு மேலே நின்ற கிணறு அது. மூன்று ஆள் உயரத்துக்குப் பலகைகளை நட்டு வட்டமாகச் சேர்த்து, வெளியே அடியிலும் நடுவிலும் மேலேயும் இரும்பு வடம் சுற்றி இறுக்கியிருந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் ஏணியில் ஏறி, விளிம்பைச் சுற்றிக் கட்டிய பரணில் நின்று உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே புஷ்பவள்ளியும் அவள் கணவன் தங்கராஜுவும் செங்குத்தான சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள்.

அது 1936. கல்யாணத்துக்கு முன்பு புஷ்பவள்ளி சாஆ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்தாள். தங்கராஜு அதே தோட்டத்து லாரி டிரைவர். சொந்தமாகக் காட்சி நடத்தப் போகிறேன் என்று ஏரம்பமூர்த்தி என்ற யாழ்ப்பாணத்துக்காரர் ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆள் தேடியபோது, முதலில் போய் நின்றவன் தங்கராஜு. அவன் சுவரில் ஏறக் கற்றுக்கொள்வதைக் கீழே நின்று பார்த்த புஷ்பவள்ளிக்கும் ஆசை வந்துவிட்டது. "நீயா? சேலையக் கட்டிக்கிட்டா?" என்று சிரித்தான். அடுத்த வாரம் அவனுடைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பிறகு அவன் சிரிக்கவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிக் கற்றுக்கொடுத்தான்.

முதல் தடவை சுவரில் ஏறி இறங்கியதும் வாந்தி எடுத்தாள். கால் கையெல்லாம் ஈயமாகக் கனத்தது.

"என்னமோ என்னைய வெளிய புடிச்சுத் தள்ளுதுண்ணே. அதான் சுவத்தோட ஒட்டிக்கிட்டிருக்கேன் போல" என்றாள் ஏரம்பமூர்த்தியிடம்.

"இல்லைத் தங்கச்சி. உங்களை ஒருத்தரும் வெளியால தள்ளேல்லை" என்றார் அவர். கீழே கிடந்த சாவியொன்றைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுழற்றினார். "இப்ப நான் கயித்தை விட்டா இது எங்க போகும்?"

"உங்ககிட்டருந்து அப்படியே வெளிப்பக்கமா பாயும்."

விட்டார். சாவி அவரை விட்டு நேர் எதிரே பாயவில்லை. விட்ட கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமாகவே, வட்டத்தைத் தொட்டபடி போகும் நேர்கோட்டில் பறந்து புல்லில் விழுந்தது.

"பாத்தீங்களோ? அது நேராப் போகத்தான் பாக்குது. கயிறுதான் அதை ஒவ்வொரு நொடியும் நடுவுக்கு இழுத்து இழுத்து வளைக்குது. உங்களுக்கும் அப்பிடித்தான். நீங்க நேராப் போகப் பாக்கிறியள், சுவர் விடமாட்டன் எண்டு உங்களை உள்ளுக்குத் தள்ளுது. அந்தத் தள்ளு இல்லாட்டி வட்டமே இல்லை. சுவர் அழுத்துறதாலதான் டயர் பிடிக்குது, கீழ விழாம நிக்கிறியள். வேகம் ரெண்டு மடங்கானா அந்தத் தள்ளு நாலு மடங்காகும்."

"அப்ப நான் சுவத்தத் தள்ள மாட்டேனா?"

"தள்ளுவீங்க. அதே அளவுக்கு, வெளிப்பக்கமா."

"அப்ப சுவத்த யாருண்ணே புடிச்சுக்கிறது?"

ஏரம்பமூர்த்தி வெளியே கூட்டிக்கொண்டு போய் இரும்பு வடத்தைக் காட்டினார். பலகைகள் தனித்தனியாக விரிந்து போகாமல் இடுப்பைச் சுற்றிய கச்சை மாதிரி அது பிடித்துக்கொண்டிருந்தது. வள்ளி அதைக் கையால் தட்டிப் பார்த்தாள். வீணைக் கம்பி போல் விண்ணென்று இருந்தது. அதோடு அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. வடத்தைப் பார்த்துக்கொள்வது தங்கராஜுவின் வேலை. காட்சிக்கு முன் அவன் வெளியே ஒரு சுற்று வந்து, "எல்லாம் சரி, ஏறு" என்பான். அவள் ஏறுவாள்.

ஒரு வருஷத்துக்குள் அவனை விட அவள் நன்றாக ஓட்டினாள். விளிம்புக்குச் சற்றுக் கீழே போட்டிருந்த சிவப்புக் கோடு வரை ஏறி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வட்டம் போடுவாள். பரணில் நிற்பவர்கள் அலறிப் பின்வாங்குவார்கள். கடைசியில் தங்கராஜுவும் ஏறி, இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று துரத்தும். அதைப் பார்க்கத்தான் கூட்டம்.

தீபாவளிக்கு முந்திய வாரம் ஏரம்பமூர்த்தி அவசரமாகச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். "டயர் வாங்கப் போறாரு" என்றான் தங்கராஜு. அவர் ரயிலேறியதும் காட்சியை நிறுத்திவைத்தான். பண்டிகை நேரம், கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று சொன்னான். வள்ளிக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து தவுக்கே என்று எல்லாரும் அழைக்கும் ஒரு சீன முதலாளி காரில் வந்து இறங்கினார். அங்கே பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றை நடத்துகிறவர். மலாய்க்காரர்களும், புதுத் துணி உடுத்திய தோட்டத்து ஜனங்களும் திடல் முழுக்க நின்றார்கள். தங்கராஜு ஓடி வந்தான்.

"வள்ளி, அந்த தவுக்கே நம்ம காட்சியப் பாக்கவே வந்திருக்காரு. புடிச்சுப்போச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் சிங்கப்பூருக்கே எடுத்துக்குவாராம். ஓட்டிருவோமா?"

"ஏரம்பண்ணே இல்லாமயா?"

"அவரு வந்து என்ன செய்யப் போறாரு? நான் இல்லையா? ஆனா பாரு, காலையில வண்டியத் தூக்குறப்ப மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு. நான் ஏற முடியாது. நீ மட்டும் ஓட்டு. நான் நடுவுல நின்னு பேசுறேன்." மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"வலிக்குதாங்க?" என்று அவள் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல லா. எல்லாம் சரி, ஏறு. கோட்டுக்கு மேல வரைக்கும் போ. அவரு அசந்து போகணும்."

அவள் ஏறினாள். சுவரடியைச் சுற்றியிருந்த சரிவுப் பலகையில் இரண்டு சுற்று, பிறகு சுவர். உடம்பு கனத்தது, பழகிய கனம்தான். சுவரில் ஓடும்போது பரணில் நிற்கும் முகங்கள் ஒன்றோடொன்று குழம்பி ஒரே பட்டையாகிவிடும். நடு மட்டும் அசையாது. நடுவில் நிற்பவனை மட்டும் தெளிவாகப் பார்க்கலாம். தங்கராஜு அங்கேதான் நின்றான். மலாயிலும் தமிழிலும் கூவிக்கொண்டிருந்தவன், அவள் கோட்டை நெருங்கியதும் கூவுவதை நிறுத்திவிட்டான். அவள் கைகளை விரித்தாள். அவன் கண் அவள்மேல் இல்லை. அவள் எங்கே போனாலும், அவன் சுவரின் ஒரே ஓர் இடத்தை, விளிம்புக்குக் கீழே இரண்டு பலகைகள் சேரும் ஓரிடத்தை, பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சுற்றில் அந்த இடத்தைக் கடந்தபோது சக்கரம் அதிர்ந்தது. அதற்கடுத்த சுற்றில் பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அவள் சக்கரம் அழுத்தும்போது இடுக்கு திறந்தது. வெளியே 'பட்' என்று ஏதோ அறுந்த சத்தம் எஞ்சின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

கைகள் தாமாகவே கைப்பிடிக்கு வந்துவிட்டன. வேகத்தைக் கூட்டினால் சுவரை இன்னும் பலமாக அழுத்துவாள், வடம் மொத்தமாகப் போகும். சட்டென்று குறைத்தால் டயரின் பிடி விட்டுக் கீழே விழுவாள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழிதான் இருந்தது. வேகப் பிடியைத் துளித்துளியாகத் தளர்த்தி, முன் சக்கரத்தைக் கீழ்நோக்கித் திருப்பி, சுற்றிச் சுற்றி இறங்கினாள். நடு வடத்தின் உயரத்துக்கு வந்ததும் பலகைகள் மறுபடி கெட்டியாக இருந்தன. சரிவுப் பலகையில் வண்டி இறங்கி நின்றபோது மேலே கைதட்டல் பொழிந்தது. இதுவும் வித்தையின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

"அலமாக், என்னமா ஓட்டுன வள்ளி!" என்று தங்கராஜு ஓடி வந்து வண்டியைப் பிடித்தான். சுளுக்கிய கையாலும் சேர்த்துத்தான் பிடித்தான்.

அவள் வண்டியை அவனிடமே விட்டாள். வெளியே போய் ஏணியில் ஏறிப் பார்த்தாள். மேல் வடத்தின் முடிச்சுக்கு அருகே புரிகள் பாதிக்கு மேல் அறுந்து துருத்திக்கொண்டிருந்தன. சில முனைகள் பளபளத்தன, இன்று அறுந்தவை. மற்றவை துருப்பிடித்திருந்தன. அந்தத் துருவின்மேல் யாரோ கறுப்பு மசகு தடவியிருந்தார்கள். விரல்களால் வழித்துத் தடவிய தடம் அப்படியே இருந்தது.

மறுநாள் ரயிலில் ஏரம்பமூர்த்தி வந்து இறங்கினார். கூலியாள் ஒருவன் புது இரும்பு வடத்தைச் சுருளாகத் தோளில் சுமந்து வந்தான். டயர் எதுவும் வரவில்லை. வள்ளி நடந்ததைச் சொன்னாள். அவர் அப்படியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொல்லிப்போட்டுத்தானே போனனான், நான் வரும்வரைக்கும் ஒருத்தரும் ஏறக்கூடாதெண்டு. வடத்தையும் காட்டினனான்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"தங்கராஜுவிட்டச் சொன்னா உங்களுக்கும் சொன்ன மாதிரித்தானே எண்டு நினைச்சிட்டன், தங்கச்சி."

தங்கராஜு பரணின் கீழே புது மாப்பிள்ளை மாதிரி சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தவுக்கே அவர்களைச் சிங்கப்பூருக்கு வரச் சொல்லியிருந்தார். வள்ளி அவன் எதிரே போய் நின்றாள். மணிக்கட்டில் துணியைக் காணோம்.

"கை சரியாயிருச்சா?"

அவன் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தான்.

"தெரிஞ்சேதான் ஏத்திவிட்டீங்க."

"ஒருத்தர்னா தாங்கும்னு நெனச்சேன் வள்ளி. சத்தியமா. ரெண்டு வண்டி ஏறுனாத்தான் ஆபத்து. அதான் நான் ஏறல."

"அந்த ஒருத்தரு நீங்களா இருந்திருக்கலாமே?"

"அவரு பாக்க வந்தது உன்னத்தான். பொம்பள ஓட்டுறான்னுதான் அங்கேருந்து கார்ல வந்தாரு. நம்ம ரெண்டு பேரு நல்லதுக்குத்தானே செஞ்சேன்? ஒனக்கு ஒண்ணும் ஆகலையே."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" அவள் குரல் உயரவில்லை. "நடு வடத்துக்குக் கீழேயே ஓட்டியிருப்பேன். கையை விட்டிருக்க மாட்டேன். அப்பவும் அவரு அசந்துதான் போயிருப்பாரு. நீங்க கோட்டுக்கு மேல போன்னீங்க. சரி, ஏறுன்னீங்க. நான் உங்க கையை வேற தொட்டுப் பாத்தேன், வலிக்குதான்னு."

அவன் அழ ஆரம்பித்தான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. முன்பு என்றால் அந்த அழுகை அவளைக் கரைத்திருக்கும். இப்போது, இதுவும் மணிக்கட்டுத் துணி மாதிரியோ என்று மனம் தானாக நினைத்தது. அப்படி நினைக்க வேண்டியதாகிவிட்டதே என்றுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

"சிங்கப்பூருக்கு நீங்க போங்க. நான் வரல."

அன்று சாயங்கால வண்டியில் சிகாமாட் போய், அங்கிருந்து லாரி பிடித்து அக்கா வெள்ளையம்மாவின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். புருஷன் அடித்தானா என்று கேட்டார்கள். இல்லை. குடித்தானா? இல்லை. வேறு பெண்ணா? இல்லை. பின்னே என்ன என்று கேட்டார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். "அதான் ஒண்ணும் ஆகலையே" என்றாள் வெள்ளையம்மாவும். அதற்குப் பிறகு வள்ளி யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

தங்கராஜு தனியாகச் சிங்கப்பூருக்குப் போனான். தவுக்கே பெண்ணில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட, அங்கேயே ஒரு கம்பெனியில் லாரி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டாள். இரண்டு முறை ஆள் விட்டுப் பார்த்தான். அவள் போகவில்லை.

பால்மரம் வெட்டும் வேலைக்கு மறுபடி போனாள். ஆனால் விடியற்காலையில் எங்காவது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கத்தி நின்றுவிடும். ஏரம்பமூர்த்தி குளுவாங்கில் கிணற்றை எழுப்பியிருக்கிறார், ஓட்ட ஆளில்லாமல் திண்டாடுகிறார் என்று தெரிந்தபோது தானே புறப்பட்டுப் போனாள். அவர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். இருவரும் பழையதைப் பேசவில்லை.

முதல் காட்சியன்று அவள் காற்சட்டையோடு வெளியே வந்து, அடி வடத்தைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். பிறகு நடு வடம். பிறகு ஏணியை நகர்த்தி நகர்த்தி வைத்து மேல் வடம். பரணில் கூட்டம் பொறுமையிழந்து பலகையைத் தட்டியது.

ஏரம்பமூர்த்தி கீழேயிருந்து மெதுவாகச் சொன்னார்: "எல்லாத்தையும் நான் காலமையே பாத்திட்டன் தங்கச்சி. நல்லாத்தான் இருக்கு."

அவர் பார்த்திருப்பார். பொய் சொல்லுகிறவர் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

"சரிண்ணே" என்றாள். ஏணியை அடுத்த இடத்துக்கு நகர்த்தினாள்.