பதினொன்று என்று எழுதினேன்

எங்கள் அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துத் துண்டு. துண்டுக்கு ஆறு நிமிடம். எந்தத் துண்டு எந்தக் கட்சிக்காரருக்குப் போனது என்று வக்கீல்கள் எல்லோரும் நேரத்தாளில் எழுதியாக வேண்டும். மூன்று வருடமாக எழுதி எழுதி, பல் தேய்க்கும்போதுகூடக் காலாட்டிக்கொண்டு ஆறு ஆறாக எண்ணும் வியாதி எனக்கு வந்துவிட்டது. வருடத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரம் எழுதாத இளம் வக்கீல் ஜனவரியில் வேறு வேலை தேடலாம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் எங்கள் அமெரிக்க ஊரான மினியாபொலிஸில் சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கிறது.

நவம்பர் பாதியில் எனக்கு நூற்று நாற்பது மணி நேரம் குறைந்தது. சோம்பேறித்தனம் இல்லை, புதிதாக வந்த ஏஐ மெஷின்தான் காரணம். ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கிற பத்திரங்களை அது காபி ஆறுவதற்குள் படித்துவிடுகிறது. வேலை சுருங்கிவிட்டது, ஆயிரத்துத் தொள்ளாயிரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை ஒரு தானியக் கிடங்குக் கம்பெனியின் இருநூற்றுப் பன்னிரண்டு குத்தகைப் பத்திரங்கள் என்னிடம் வந்தன. மெஷினிடம் கொடுத்தேன். அது சந்தேகம் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாக மூலப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் அது தப்பு, திருத்தினேன். மொத்தம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். நல்ல வேலை, எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு நேரத்தாளைத் திறந்தேன், குறைந்த நூற்று நாற்பது அங்கேயே காத்திருந்தது.

பக்கத்து மேஜையில் ஃபெங், என்னைப் போல இளம் வக்கீல். போன செப்டம்பரில்தான் சேர்ந்தான்.

"காலை ஆட்டி ஆட்டி என் சூப்பைக் கொட்டப் போற, மாரென்," என்றான்.

"வேலை முடிஞ்சிடுச்சுடா."

"முடிஞ்சா சந்தோஷப்படணும் தாயே."

"முடிஞ்சதுதான் பிரச்சினை."

மூன்று புள்ளி இரண்டு என்று அடித்தேன். அழித்தேன். பதினொன்று என்று அடித்தேன். யார் கேட்கப் போகிறார்கள்? அனுப்பிவிட்டு, திருப்பி வாங்கிவிடலாமா என்று மூன்று நாள் தவித்தேன். வாங்கியிருக்கலாம், ஒரு பொத்தான்தான். வாங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் இளம் வக்கீல்களுக்கு 'நாளைய வக்கீல்' வகுப்பு. நடத்தியவர் கார்ல், எங்கள் மூத்த பங்குதாரர். ஆளுக்கொரு சாண்ட்விச் பெட்டி.

"இந்த ஊர்லயே முதல்ல மெஷின் வாங்குனது நாமதான். இந்த வருஷம் மார்ச்லயே," என்றார் கார்ல். "இனிமே வேகம்தான் எல்லாம். வேகமா முடிங்க."

"இந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கட்சிக்காரர் பேர்ல எழுதுறது?" என்று கேட்டான் ஃபெங்.

"இது படிப்பு. இதை எழுத முடியாது."

ஊருக்குத்தான் உபதேசம் என்று ஃபெங் என் காதில் முணுமுணுத்தான்.

அப்புறம் கார்ல் ஒரு விருந்தாளியை அறிமுகப்படுத்தினார். ரோசலிண்ட், அதே தானியக் கம்பெனியின் சொந்த வக்கீல். என் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

"இந்த மாசத்துலேருந்து நாங்க மணிக்கணக்குல காசு குடுக்கறதில்ல," என்றார் அவர். "ஒரு வேலைக்கு ஒரே விலை. உங்க நேரத்தாளை எங்களுக்கும் காட்டணும்னு கார்ல் கையெழுத்துப் போட்டிருக்கார். பேர் வேண்டாம், நேரம் போதும்."

கார்ல் இதை எங்களிடம் சொல்லவே இல்லை.

ரோசலிண்ட் திரையில் ஒரு வரியைக் காட்டினார். குத்தகைப் பத்திரம் இருநூற்றுப் பன்னிரண்டு, பதினொரு மணி நேரம். "இதே மெஷின் எங்ககிட்டயும் இருக்கு. சோதிச்சுப் பாக்க எங்க ஆபீஸ் பொண்ணுகிட்ட இதே பத்திரங்களைக் குடுத்தேன், மூணரை மணி நேரத்துல முடிச்சா. எனக்கு நஷ்டம் இல்ல, விலை பேசியாச்சு. நஷ்டம் உங்களுக்குத்தான். மெதுவா இருக்கறது மெஷினா, ஆளா?"

அறையில் சிரிப்பு. கூட்டி எழுதினால் வேலை தங்கும் என்று எழுதினேன், அதுவே என்னை அறையிலேயே மந்தமான வக்கீலாக்கிவிட்டது. உண்மையை எழுதியிருந்தால் இன்று கைதட்டல் வாங்கியிருப்பேன்.

"ஆள்தான்," என்றார் கார்ல், என்னையே பார்த்துக்கொண்டு. "இந்த வேகத்துக்கு வர முடியாதவங்களை வச்சுக்கறதா வேண்டாமான்னு யோசிக்கறோம்."

பேசாமல் இருந்தால் மந்தம் என்று வேலை போகும். பேசினால் பொய்க்காரி என்று வக்கீல் உரிமமே போகலாம். எது பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் மந்தம் இல்லை என்கிற கோபம் முந்திக்கொண்டது. உப்புத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும் என்று எழுந்தேன்.

"அது என் வேலைங்க. மூணு மணி பன்னிரண்டு நிமிஷம்தான் ஆச்சு. மணிக்கணக்கு குறையுதுன்னு பதினொண்ணுன்னு எழுதிட்டேன். பொய். இப்பவே திருத்தறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஃபெங் சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்திவிட்டான்.

ரோசலிண்ட் அந்த வரியைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு கார்ல் பக்கம் திரும்பினார்.

"போன மே மாசமும் இதே மாதிரி இருநூறு பத்திரம். நீங்களே பாத்தீங்கன்னு பில் வந்துச்சு. முப்பத்தெட்டு மணி நேரம்."

"ஆமா, இருக்கும்," என்றார் கார்ல்.

"மெஷின் மார்ச்சுலயே வந்துடுச்சுன்னு இப்பதானே சொன்னீங்க."

"பழைய தாளைப் பாத்துத்தான் சொல்லணும்."

"பாருங்க. நான் இருக்கேன்." அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாண்ட்விச் பெட்டியைத் திறந்தார்.

கார்ல் மடிக்கணினியைத் திறந்தார். எனக்கு ஜனவரியில் வேலை இருக்குமா என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருந்தது. மேஜைக்கு அடியில் யாரோ காலாட்டுவதில் என் தண்ணீர் தம்ளர் நடுங்கியது. குனிந்து பார்த்தேன். என் கால் இல்லை, கார்லுடையது.