வளைவுக்கு நிக்கிறவள்

வட்டக்கச்சியில யோகநாதன்ர பழைய நெல்லுக் கொட்டிலுக்குள்ள கார் றேஸ் நடக்குது எண்டு கேள்விப்பட்டதும் நிறஞ்சனா முதல்ல சிரிச்சாள். நெல்லு மூட்டை அடுக்கிற இடத்தில காரோ! போய்ப் பாத்த பிறகு சிரிப்பு நிண்டு போச்சு. கொட்டில் முழுக்க இடுப்பளவு உயர மேசை. மேசையில நெளிஞ்சு வளைஞ்சு ஓடுற பலகை ரோட்டு. ரோட்டில நீளத்துக்குக் கீறிவிட்ட பள்ளம் மாதிரி நாலு தவாளிப்பு, ஒவ்வொண்டிலும் உள்ளங்கையளவில ஒரு கார். காருக்குக் கீழ இருக்கிற முளை தவாளிப்புக்குள்ள ஓடும். கையில இருக்கிற விசையை அமத்தினாக் கரண்ட் ஏறிக் கார் பறக்கும். வளைவில விசையைத் தளத்தாட்டிப் பாய்ஞ்சு வெளிய விழும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனா அந்தச் சத்தம்! பாமசியில நாள் முழுக்க குளிசையும் இருமல் மருந்தும் எடுத்துக் குடுத்துக் களைச்ச மனிசிக்கு அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ள போய்க் குந்திக்கொண்டுது. தனக்கெண்டு ஆசைப்பட்டு ஒண்டைக் கேட்டு எத்தினை காலமோ, "எனக்கும் ஓடவேணும்" எண்டாள்.

யோகநாதன் கனடாவில இருந்து திரும்பி வந்த மனுசன். மேசை அவரின்ர, கொட்டில் அவரின்ர, ஆனா வாய் மட்டும் பிரதாபன்ர. பிரதாபன் கிளிநொச்சி ரவுனில ட்ரக்டர் சாமான் கடை வைச்சிருக்கிறவன். அங்க கூடி ஓடுற கிளப்பில அவனை வெல்ல ஆளில்லை. அந்தத் தலைக்கனம் நடையிலயே தெரியும். அவளை மேலயும் கீழயும் பாத்தான்.

"நீர் எந்த இடம்?"

"முல்லைத்தீவு. கடற்கரைப் பக்கம்."

"ஆ," எண்டான். அந்த ஒரு ஆவுக்குள்ள கடற்கரை ஆக்களில எவ்வளவு இளக்காரம் கிடக்கு எண்டு அவளுக்குத் தெரியாதோ! "புதுசா வாற ஆக்கள் கொஞ்சக் காலம் வளைவுக்கு நிக்கவேணும். பிறகு ஒரு றேஸ் ஓடலாம். அது முடியக் கை உயத்திப் பாப்பம், சேக்கிறதோ கலைக்கிறதோ எண்டு."

வளைவுக்கு நிக்கிறது எண்டா வேற ஒண்டுமில்லை. அந்த முறை ஓடாத ஆக்கள் வளைவடியில நிண்டு, பாய்ஞ்சு விழுற காரைச் சட்டெண்டு தூக்கித் திரும்பத் தவாளிப்பில வைக்கிறது. ஆற்ற கார் எண்டு பாக்கக்கூடாது. ஆகாத ஆளின்ர காரெண்டாலும் உடன வைக்கவேணும். அதில பிசகினா இந்த விளையாட்டே விளையாட்டில்லை.

அங்க றேஸ் ஓடுற செந்தூரன் மாஸ்டர் தன்ர பழைய கார் ஒண்டை அவளுக்குக் குடுத்தார். அந்தக் கொட்டிலுக்குள்ள அவளைப் பாத்துச் சிரிச்ச ஒரே ஆள் அவர்தான். காரை வீட்டை கொண்டுபோய் நிறஞ்சனா என்ன செய்தாள்? கடற்கரையில வளந்தவள் என்ன செய்வாளோ அதைத்தான். உப்புக்காத்து இரும்பைத் தின்னும். சைக்கிள் வாங்கினாலும் தையல் மெசின் வாங்கினாலும் அவளின்ர ஆக்கள் முதல்ல எண்ணெய் பூசிப்போட்டுத்தான் மற்ற வேலை பாப்பினம். தேங்காயெண்ணெயை எடுத்தாள், அச்சுக்குப் பூசினாள், சில்லுக்குப் பூசினாள், றப்பருக்கும் பூசினாள். கார் பளபளத்தது. அடுத்த கிழமை எல்லாருக்கும் முதல் வந்து, நாலு தவாளிப்பிலயும் ஆசை தீர ஓட்டிப் பாத்தாள்.

பிறகு மற்றவை ஓடத் தொடங்கினால், மாதாவே! ஒரு காரும் வளைவில நிக்கேல்லை. எல்லாம் வழுக்கி வழுக்கி நிலத்தில. பிரதாபன் மேசையை விரலால தடவி மணந்து பாத்தான்.

"தேங்காயெண்ணெய்! இஞ்ச என்ன, மீன் பொரிக்கவே வந்தனீர்?"

கொட்டில் கொல்லெண்டு சிரிச்சுது. செந்தூரன் மாஸ்டர் சிரிக்கேல்லை. முகட்டைப் பாத்துக்கொண்டு நிண்டார். பழந்துணியும் ஸ்பிரிட்டும் அவளின்ர கையில வந்துது. எல்லாரும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்திருக்க, அவள் அந்த ரோட்டு முழுக்கக் குனிஞ்சு துடைச்சாள். உடம்பெல்லாம் கூனிக் குறுகிப் போச்சு.

வேற ஆளெண்டா அதோட தலைமுழுகிப்போட்டு வீட்டில இருந்திருப்பாள். இவள் அடுத்த கிழமையும் ஸ்கூட்டியைக் கொண்டுவந்து வாசலில விட்டாள். கூரைத் தகரம் தலையில கொதிக்கிற கடைசி வளைவுதான் அவளுக்கு. ஒருத்தரும் கதிரை குடுக்கேல்லை. தேத்தண்ணித் தட்டும் அந்தப் பக்கம் வராது. பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டாள். ஆற்ற கார் விழுந்தாலும் விழுந்த கையோட தூக்கி வைச்சாள்.

கடைசியா அவளின்ர முறை வந்துது. முதல் சுத்துகள் நல்லாப் போச்சு. ரெண்டாவதா ஓடிக்கொண்டிருந்தாள், பொய்யில்லை. பிறகு ஆசை கூடி, கடைசி வளைவில பாய்ஞ்சு போச்சு கார். அந்த வளைவுக்கு நிண்டது ஆர்? பிரதாபன்.

"அண்ணை, கார்! வையுங்கோ!"

அவன் போனைச் சேட்டுப் பைக்குள்ள வைச்சான். குனிஞ்சான். காரைத் தூக்கி ஊதினான். சில்லைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "பொறும், எண்ணெய் கிண்ணெய் கிடக்கோ எண்டு பாக்கிறன்." அதுக்குள்ள மற்றவை ரெண்டு சுத்து முடிச்சிட்டினம். நிறஞ்சனா கடைசி.

அவளுக்கு அழுகை வரேல்லை. கொதிதான் வந்துது. இவன் நாசமாப் போக எண்டு மனசுக்குள்ள திட்டிக்கொண்டு திரும்ப வளைவுக்குப் போனாள். அண்டைய கடைசி ஓட்டம் பிரதாபனுக்கும் மாஸ்டருக்கும். அது முடிஞ்ச உடன அவளுக்குக் கை உயத்துறது.

ஓட்டத்துக்கு முதல் மாஸ்டர் மெல்ல அவளடிக்கு வந்தார். "தங்கச்சி, அவன்ர கார் இதில விழுந்தா அந்தரப்படாதையும், ஆறுதலா வையும். உமக்குச் செய்தவன்தானே. நான் வெண்டா உமக்கு ஒரு கை நிச்சயம்."

அவளுக்கு மனசுக்குள்ள ஆசை இல்லையெண்டு இல்லை. நல்லா இருந்துது, சொல்லப்போனாத் தேன் மாதிரி இருந்துது.

ஓட்டம் முடியிற நேரம் பாத்துப் பிரதாபன்ர கார் பாய்ஞ்சு அவளின்ர காலடியில விழுந்துது. மாஸ்டரின்ர கார் பின்னால வந்துகொண்டிருக்கு. "வையும்! காரை வையும்!" எண்டு பிரதாபன் கத்தின கத்தில தகரம் அதிருது. அவன்ர முகத்தில பயத்தைக் கண்டாள். கொஞ்சம் சுணங்கினாக் காணும், ஆள் முடிஞ்சான். இவனை மாதிரி நானும் நிக்கிறதோ? சீ! ஒரே எட்டில குனிஞ்சு, தூக்கி, வைச்சாள். பிரதாபன் மயிரிழையில வெண்டான்.

யோகநாதன் கை உயத்தச் சொன்னார். கொஞ்சப்பேர் உயத்திச்சினம், கொஞ்சப்பேர் கையைக் கட்டிக்கொண்டு நிண்டினம். சேக்க இன்னும் ஒரு கை வேணும். இன்னும் முடிவு காட்டாமல் நிண்டது மாஸ்டரும் பிரதாபனும்தான்.

"மாஸ்டர், உங்கட கை?" எண்டு கேட்டார் யோகநாதன்.

"கொஞ்சம் சுணங்கியிருந்தாக் குடியே முழுகியிருக்கும்?" எண்டு அவளைப் பாத்துச் சீறினார் மாஸ்டர். கை காற்சட்டைப் பைக்குள்ளயே கிடந்துது. அந்தச் சிரிப்பெல்லாம் எங்க போச்சோ தெரியாது.

பிரதாபன் கையை உயத்தினான்.

"எனக்கு இவவைக் கண்ணில காட்டேலாது," எண்டான். "ஆனா வளைவில இவ நிண்டா நான் என்ர காரைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை."

நன்றி சொல்லுவாள் எண்டு பாத்தவைக்கு ஏமாத்தம்தான்.

"உமக்காண்டி ஒண்டும் வைக்கேல்லை," எண்டாள் நிறஞ்சனா. இப்ப அண்ணை எண்டும் இல்லை, நீங்கள் எண்டும் இல்லை. "இனி என்ர கார் விழேக்க உம்மட கை சுணங்கினா, கதிரையைத் தூக்கி அடிப்பன்."

"விழாமல் ஓடப் பழகும் முதல்ல."

"வாரும், இப்பவே பாப்பம்."

காரைத் தவாளிப்பில வைச்சு விசையைக் கையில எடுத்தாள். கடைசி வளைவில ஆளில்லை. அவள் திரும்பிச் செந்தூரன் மாஸ்டரைப் பாத்தாள்.

"நீங்கள் போய் நில்லுங்கோ, மாஸ்டர். உங்கட கையைப் பாத்துக்கொண்டுதான் ஓடுவன்."

மாஸ்டர் ஒருத்தரின்ர முகத்தையும் பாக்காமல் வளைவுக்குப் போனார்.