ஓரகத்தியின் குரல்

ஓரகத்தியை அந்த மாடிக்கு அழைத்துப் போனதே மூத்தவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்று யாரிடம் போய் அழுவது?

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து இலவசமாக அனுப்பும் தொண்டு நிறுவனம் அது. முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி. உள்ளறையில் சத்தம் புகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகள், நடுவில் ஒரு நாற்காலி. நடத்துபவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். யார் செருப்பைக் கழற்றினாலும் "உஷ்" என்பார். உஷ் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மூத்தவள் கல்யாணத்துக்கு முன்பு வானொலி நாடகங்களில் நடித்தவள். அவள் அழுதால் கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். கல்யாணத்தோடு அதெல்லாம் நின்றுபோக, பல வருஷம் கழித்து இந்த நாற்காலிதான் அவளுக்கு மறுபடி ஒரு மேடை கொடுத்தது. அந்த மகிழ்ச்சியில், இந்த இடத்துக்கு என்ன வேண்டும் என்று ஒருநாள் கேட்டாள்.

"பெருசா ஒண்ணும் வேணாம்மா. பதிவெல்லாம் சேத்து வைக்க இடம் பத்தல. ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் குடுங்க. முடிஞ்சா கதவிடுக்குல ஒட்டுறதுக்கு ரப்பர் பட்டை" என்றார் உஷ் சார்.

ரப்பர் பட்டையில் யார் பெயர் பொறிப்பார்கள்? அவள் விலையுயர்ந்த ஒரு மைக்கை வாங்கி, 'அன்பளிப்பு' என்று தன் பெயரையும் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொசு தும்மினாலும் பிடிக்கிற மைக் அது. கீழே சைக்கிள் கடைக்காரன் சுத்தியலால் தட்டுவதையும், தட்டும்போது வாயில் வருவதையும் சேர்த்துப் பிடித்தது. உஷ் சார் அதை மிகுந்த மரியாதையோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவள். பாலிசி நிபந்தனைகளை ஃபோனில் வாடிக்கையாளருக்கு ஒப்பிப்பதுதான் வேலை. வீட்டில் மாமனார் பேப்பர் படித்துக் காட்டச் சொல்லி அவளைத்தான் கூப்பிடுவார். கேட்டால், "சின்னவ படிச்சாத்தான்மா தூக்கம் வருது" என்பார். அதற்கே மூத்தவளுக்கு மூஞ்சி சுருங்கும். அந்த ஓரகத்தி ஒரு லீவு நாளில், "நானும் வரட்டுமாக்கா?" என்று கேட்டாள். இவள் வாசிப்பின் முன்னால் தன் வாசிப்பு இன்னும் எடுபடும் என்ற நினைப்பில்தான் மூத்தவள் கூட்டிப்போனாள். வேறு நல்லெண்ணம் ஒன்றுமில்லை.

நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. சில வாரங்களில் மாணவர்கள் ஃபோன் செய்ய ஆரம்பித்தார்கள்.

"எல்லாரும் சின்னவங்க குரல்தான் வேணுங்கிறாங்க" என்றார் உஷ் சார், தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல.

மூத்தவளுக்கு அது பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? ஏற்றமில்லை, இறக்கமில்லை, காதலையும் வரிவிதிப்பையும் ஒரே மாதிரி வாசிக்கிறவளுக்கு ரசிகர்களாம். தனக்காக ஒரே ஒரு பிள்ளையாவது ஃபோன் செய்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். செய்யவில்லை.

அந்த நேரத்தில்தான் சட்டக் கல்லூரி மாணவி ஒருத்திக்காக ஒப்பந்தச் சட்டப் புத்தகம் பதிவாகிக்கொண்டிருந்தது. ஓரகத்தி பாதிக்கு மேல் வாசித்துவிட்டு, ஆபீஸ் பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டாள். மிச்சத்தை மூத்தவளிடம் கொடுத்தார் உஷ் சார். கிடைத்த வாய்ப்பை விடுவாளா?

"சார், சின்னவ கடைசியாப் படிச்ச பாடத்துல எல்லாம் இரைச்சல் இருக்கு. அதையும் நானே படிச்சிடறேன்" என்றாள்.

இரைச்சல் எதுவும் இல்லை. உஷ் சாருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஊரையே உஷ் என்று அடக்குகிறவர் அதை மட்டும் வெளியே சொல்லமாட்டார். கணினியில் இடமும் இல்லை, பழையதை அழித்தால்தான் புதியது ஏறும். அழித்தார்.

மூத்தவள் வாசித்தாள். அப்படி ஒரு வாசிப்பு. விற்பவர் ஏமாற்றும் இடத்தில் குரல் தழுதழுத்தது. வாங்குபவர் நஷ்டஈடு கேட்கும் இடத்தில் கர்ஜித்தாள். 'மேற்படி நபர்' என்பதில்கூட ஒரு பெருமூச்சு வைத்தாள். இதைக் கேட்டபிறகு அந்தப் பெண் யாருடைய குரலைக் கேட்கிறாள் பார்ப்போம்.

அந்தப் பெண் ஃபோன் செய்யவில்லை. நேரில் வந்தாள். கோலைத் தட்டிக்கொண்டு மாடியேறி வந்து, உட்காரச் சொல்வதற்குள் ஆரம்பித்தாள்.

"யாரு சார் இது? கொஞ்ச நேரம் அழறாங்க, கொஞ்ச நேரம் மிரட்டுறாங்க. பரீட்சை நெருங்கிடுச்சு, நான் சட்டத்தை எழுதறதா, இவங்க சோகத்தை எழுதறதா?"

மூத்தவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

"உணர்ச்சியோட படிச்சிருக்காங்கம்மா" என்றார் உஷ் சார் சங்கடமாக.

"நாங்க எப்படிக் கேப்போம்னு தெரியுமா சார்? கேளுங்க."

அவள் தன் ஃபோனில் பாடத்தை ஓடவிட்டாள். வேகம் கூட்டி ஓடியது. இவ்வளவு தடிமனான புத்தகத்தைச் சாதாரண வேகத்தில் கேட்டு முடிக்க ஆயுசு போதாது, எல்லோரும் இப்படித்தான் ஓட்டுவார்களாம். அந்த வேகத்தில் மூத்தவளின் தழுதழுப்பு கீச்கீச்சென்றது. பெருமூச்சு விக்கலானது. கர்ஜனையில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு, முன்பே அனுப்பியிருந்த ஓரகத்தியின் பாடத்தை அதே வேகத்தில் ஓடவிட்டாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. இந்த அக்கா குரல்லயே எல்லாம் வேணும் என்றாள்.

உஷ் சார் மூத்தவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"வேற யாரோ இருக்காங்கல்ல சார்? வளையல் சத்தம் கேட்டுச்சே."

"நம்மகூட வேலை செய்யறவங்கம்மா. தொண்டை கட்டியிருக்கு அவங்களுக்கு, பேச முடியல."

"ஐயோ பாவம். வெந்நீர் குடிங்கம்மா" என்று ஜன்னல் பக்கமாகச் சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

"சின்னவங்க பரீட்சைக்குள்ள வரமாட்டாங்க. அவங்க கடைசியாப் படிச்சதையும் அழிச்சிட்டேன்" என்றார் உஷ் சார். "இப்ப என்னம்மா பண்றது?"

தன் புளுகு ஒரு பெண்ணின் பரீட்சையில் போய் முடிந்திருப்பது மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

வெறுமனே சாதாரணமாகப் படித்துப் பார்த்தாள். முடியவில்லை. நாலு வரிக்குள் எங்கிருந்தோ ஓர் உருக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. அழித்தாள், மறுபடி படித்தாள், மறுபடி அழித்தாள். கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. வீட்டில் ஓரகத்தி இல்லாத நேரத்தில் அவளைப் போலப் பேசிக் காட்டிப் புருஷனைச் சிரிக்க வைப்பாள் மூத்தவள். மூக்கைத் தூக்கி, கண்ணை அரைவாசி மூடி, யார் வீடு எரிந்தால் எனக்கென்ன என்கிற அந்தக் குரல். அதை எடுத்தாள். கேலியை மட்டும் கழற்றி வைத்தாள்.

ராணி வேஷம் கட்டியிருக்கிறாள், விதவை வேஷம் கட்டியிருக்கிறாள். ஓரகத்தி வேஷம் போல எதுவும் அவளைப் பிழிந்தெடுத்ததில்லை. தினமும் வந்து, தொண்டை நிஜமாகவே கட்டிக்கொள்ளும்வரை வாசித்து, எல்லாப் பாடத்தையும் முடித்துக் கொடுத்தாள்.

பரீட்சை முடிந்து முடிவும் வந்த அன்று, ஊரிலிருந்து திரும்பியிருந்த ஓரகத்தியும் மாடியில் இருந்தாள். மாணவி ஃபோன் செய்தாள். உஷ் சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பாஸாயிட்டேன். அந்த அக்கா இருக்காங்களா? கடைசிப் பாடங்கதான் சார் என்னைக் கரையேத்துச்சு. முன்னாடி படிச்சதைவிட இன்னும் தெளிவாப் படிச்சிருந்தாங்க."

ஓரகத்தி விழித்தாள். "கடைசிப் பாடமா? நான் எங்க..." என்று அவள் உதடு பிரிவதற்குள் மூத்தவள் அவள் கையை அழுத்திப் பிடித்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம். அது நான்தான்டி பெண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால், எத்தனையோ நாள் ஏங்கிய நன்றி அவள் பெயருக்கு வந்து சேரும். கூடவே அந்த அழுகைக்காரியும் அவள்தான் என்பது தெரிந்துவிடும், அழித்த கதையும் வெளியே வரும். ஃபோன் பக்கம் குனிந்து, மூக்கைத் தூக்கி, கண்ணை அரைவாசி மூடிச் சொன்னாள்:

"சந்தோஷம்மா. நல்லா இரு."

"உங்க குரலை எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன்க்கா" என்றாள் அந்தப் பெண்.

ஃபோனை வைத்த பிறகு உஷ் சார் கணினிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். ஓரகத்தி மூத்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது என் குரலா?"

மூத்தவளுக்கு எரிச்சல் வந்தது. சிரிப்பும் வந்தது.

"உன் குரல்தான்டி. நான் கொஞ்சம் நல்லாப் படிச்சேன், அவ்வளவுதான்."